உங்களுக்குத் தெரியுமா? தகப்பனின் நாற்பத்தைந்து

மனித உயிரணுவில் குரோமோசோம்கள் 46 என்பது பள்ளிப் பாடம்; ஆயினும் 45 மட்டுமே கொண்ட ஓர் ஆடவர், 2001-இல் மூடப்பட்ட, 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுள்ள கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி உழைக்குமளவு தேக திடத்தோடு வாழ்ந்திருக்க, அவர் மனைவிக்குக் கர்ப்பம் மீண்டும் மீண்டும் கலைந்ததற்கு அந்த ஒற்றைக் குறைவே காரணமாகியிருக்கலாம்.

• இத்தகையோரிடம் பெரும்பாலும் 13-ம் எண் குரோமோசோமும் 14-ம் எண் குரோமோசோமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணிக்கை குறைகிறது, தேவையான மரபுச் சரக்கு குறைவதில்லை. விந்தணு உற்பத்தியில் பங்கீடு பிறழ்ந்தால்தான் விபரீதம்: சிசுவுக்கு ஒரு பங்கு மிகும், அல்லது குறையும்.

• தொடர்ந்து கரு கலையும் தம்பதியரில் 100-க்கு 2 முதல் 5 ஜோடிகளில், இருவருள் ஒருவரிடம் ஏதேனும் ஒரு வகைக் குரோமோசோம் இடமாற்றம் உண்டு; மேற்சொன்ன ஒட்டுதலும் அதில் ஒரு வகையே. பெண்களிடம் சற்று அதிகம் என்றாலும் புருஷர்கள் விலக்கல்ல. (தங்கவயல் தொழிலாளரின் லைன் வீடுகளில் அரச மரத்தைச் சுற்றிவர அனுப்பப்படுபவள் என்னவோ மருமகள் மட்டுமே!)

• பரிசோதனை எளிது. இருவர் கையிலிருந்தும் சிறிது இரத்தம்; அதன் வெள்ளணுக்களைச் சுமார் 3 நாள் வளர்த்து, பிளவுபடும் தருணத்தில் நிறுத்தி, நுண்நோக்கியில் எண்ணுவார்கள்.

• இவ்விதத் தம்பதியரில் பெரும்பாலோர், காலம் தாழ்ந்தேனும், இயற்கையாகவே ஆரோக்கியமான குழந்தையைப் பெறுகின்றனர்.