ஆட்டோ காருக்கும் கியர் உண்டு!

"ஆட்டோ காரில் கியர் மாற்ற என்ன இருக்கிறது? டி-யில் போட்டால் அதுபாட்டுக்குப் போகும்!" வானொலியில் கார் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒரு நேயர் இப்படிச் சொல்லிவிடுவார். உண்மைதான், போகும். ஆனால் டி-க்குக் கீழே 3, 2, எல் என்றோ, எஸ், பி என்றோ, கூட்டல் கழித்தல் குறிகளாகவோ ஏதோ இருக்கிறதே, அது எதற்கு?

பழைய அதிவேகக் கார்களின் ரசிகர்களிடம் கேட்டால் பதில் கிடைக்கும். ஆட்டோ கியரைக் கையால் மாற்றி ஓட்டும் வழக்கத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு.

பெட்டிக்குக் கண் கிடையாது

பழைய ஆட்டோ கியர் பெட்டிக்குள் கணினி இல்லை. எண்ணெயின் அழுத்தம்தான் அதற்கு மூளை. காரின் வேகம் ஒரு பக்கம், ஓட்டுநர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறார் என்பது மறுபக்கம். இந்த இரண்டையும் எடைபோட்டு, எப்போது அடுத்த கியருக்குப் போவது என்று அது முடிவு செய்கிறது.

இதில் ஒரு குறை உண்டு. இந்த நொடியில் நடப்பது மட்டுமே அதற்குத் தெரியும். அடுத்த வளைவும் இறக்கமும் நம் கண்ணுக்குத்தான் தெரியும். லீவரைக் கீழே இழுக்கும்போது, நாம் பார்த்ததைப் பெட்டிக்கு முன்கூட்டியே சொல்கிறோம்.

பட்டனைத் தட்டிப் பந்தயம்

அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1956 முதல் 1964 மாடல் வரை தன் ஆட்டோ கார்களில் லீவருக்குப் பதில் டாஷ்போர்டில் பட்டன்களை வைத்தது. 1962இல் அதன் டாட்ஜ், பிளிமத் கார்களுக்கு 'மேக்ஸ் வெட்ஜ்' என்ற 6.8 லிட்டர் எஞ்சின் வந்தது. கால் மைல் நேர்ப் பந்தயங்களில் ஓட்டுநர்கள் 1, 2, டி என்று இடக்கையால் பட்டனைத் தட்டியே கியர் மாற்றினார்கள். கிளட்ச் மிதிக்க வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவும் வேண்டாம். எஞ்சின் உச்ச வேகத்தைத் தொடும்வரை ஒரே கியரில் பிடித்து வைக்கலாம்.

1967இல் போன்டியாக் ஜிடிஓ காருக்கு மூன்று கியர் கொண்ட 'டர்போ ஹைட்ராமேட்டிக் 400' பெட்டி வந்தது. கூடவே ஹர்ஸ்ட் நிறுவனத்தின் 'டூயல் கேட்' லீவரும் கிடைத்தது. அதில் இரண்டு தடங்கள். ஒன்று சாதாரண ஆட்டோ. மற்றொன்றில் லீவரை முன்னே தள்ளத் தள்ள, ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு கியர் மட்டுமே ஏறும். தவறிப்போய் இரண்டு கியர் தாவாது.

அந்த லீவருக்கு வைத்த செல்லப் பெயர் 'அவனுக்கும் அவளுக்கும்'. கையால் மாற்றுவது அவனுக்காம், சும்மா ஓட்டுவது அவளுக்காம்! கேமரன் மலையிலிருந்து 2-இல் போட்டு இறங்குவது எப்படி என்று எங்கள் நிகழ்ச்சிக்கு அழைத்து விளக்குபவர்களில் பாதிப் பேர் அக்காமார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஜெர்மனியின் வழி

நம் ஊரில் பலருக்கும் பழக்கமான பென்ஸ் டபிள்யூ124 வரிசையின் உச்சம் 500இ. போர்ஷேயின் துணையோடு உருவான அந்த 326 குதிரைத்திறன் கார் நான்கு கியர் ஆட்டோவாக மட்டுமே விற்கப்பட்டது. லீவரை 3-இல் வைத்தால் நான்காவது கியருக்குத் தாவாது.

ஈப்போவில் பழைய பென்ஸ் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், சாதாரண டபிள்யூ124 ஒன்றில் என்னைச் சிம்பாங் பூலாய் மலைச்சாலைக்கு அழைத்துப் போனார். வளைவுக்கு முன்பே 3-க்கு இறக்கினார். கார் மூக்கை அமுக்கி நிதானமானது. வளைவு முடிந்ததும் தயங்காமல் இழுத்தது. "தம்பி, வளைவு வர்றது எனக்குத் தெரியுது. பெட்டிக்குத் தெரியாதே!" என்றார்.

1990 மாடல் 911 கரேரா 2 காரில் போர்ஷே 'டிப்ட்ரானிக்' முறையைக் கொண்டுவந்தது. லீவரைப் பக்கத்துத் தடத்துக்கு நகர்த்தி, முன்னே தட்டினால் கியர் ஏறும், பின்னே தட்டினால் இறங்கும். எஞ்சினுக்கு ஆபத்தான வேகத்தில் கியரை இறக்கச் சொன்னால் கணினி மறுத்துவிடும். இன்று நம் கார்களில் இருக்கும் கூட்டல், கழித்தல் குறிகள் இதே வழியில் வந்தவைதான்.

நம் மலைச்சாலைக்கு

இந்த வித்தை பந்தயக்காரர்களுக்கு மட்டுமல்ல. கெந்திங்கிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது நமக்கும் தேவை. டி-யிலேயே விட்டுப் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும். அளவு மீறினால் எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறையாது. கீழ் கியரில் இறங்கினால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும்.

சில எச்சரிக்கைகள். வேகத்தைக் குறைத்த பிறகே கியரை இறக்குங்கள். ஈரச் சாலையில் இன்னும் மென்மையாக இறக்குங்கள். பழைய கார்களில் கணினிக் காவல் இல்லை. கீழ் கியரிலேயே பிடித்து வைத்து மிதித்தால் எஞ்சின் அளவு மீறிச் சுழலும். கியர் எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை வந்தால், முதலில் பட்டறைக்குப் போங்கள். இறக்கத்தில் எந்தக் காரணத்துக்காகவும் என்-இல் போடாதீர்கள்.

அடுத்த வார இறுதியில் மலைக்குப் போகிறவர்கள், உங்கள் காரின் கையேட்டை எடுத்து டி-க்குக் கீழே இருக்கும் எழுத்துகள் என்ன செய்யும் என்று ஒருமுறை படித்துவிட்டுப் புறப்படுங்கள். பத்து நிமிடம் போதும்.