காப்பி எடுத்தாச்சா சார்?

ஆபீசில் 'காப்பி எடுத்தாச்சா?' என்று கேட்டால், 'ஆச்சு சார்' என்று அசலை அழித்துவிட்டு டீ குடிக்கப் போகிற ரகம் நான். 2023 நவம்பரில் நடந்த கதையைப் படித்தபின் டீ தொண்டையில் இறங்கவில்லை.

ஓப்பன் இசட்.எஃப்.எஸ். என்று ஒரு ஃபைல் சிஸ்டம். டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே என்று கணக்கு வைத்திருக்கும் கணக்கப்பிள்ளை. மகா கெட்டிக்காரர். அவரிடம் காப்பி எடுத்த சில ஃபைல்களின் நடுவே வெறும் பூஜ்யங்கள்! எரர் மெஸேஜா? மூச்!

2.2.0-வில் புதிதாக வந்த 'பிளாக் குளோனிங்' மேல் பழி விழுந்தது. புது மருமகள் வந்த வீட்டில் பால் திரிந்தாலும் அவள்தானே காரணம்! 2.2.1-ல் அவளை மூலையில் உட்கார வைத்தார்கள். பூஜ்யம் நிற்கவில்லை.

ஃபைலை எழுது, உடனே காப்பி எடு, ஒப்பிடு... இதையே கும்பலாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். பல தடவை சரி, எப்போதோ ஒரு தடவை தப்பு. கடைசியில் அகப்பட்டது பல வருஷத்துப் பழைய ஆசாமி! அப்போதுதான் எழுதிய டேட்டா டிஸ்க்குக்குப் போய்ச் சேருவதற்குள், 'அந்த இடம் காலி' என்று கண நேரம் பொய் சொல்லியிருக்கிறார். காப்பி எடுக்கும் புரோகிராமும் நம்பிவிட்டது. நவம்பர் 30 அன்று 2.2.2, 2.1.14 இரண்டிலும் சரிசெய்தார்கள்.

அசலுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் அசலை அழித்தவன் கதி?

இப்போதெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு டீ.