எட்டு மில்லிமீட்டரில் தப்பிய கித்தார்

சென்ற பல்கலைக்கழக விடுமுறையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, அதன்மேல் மாமாவின் மின்கித்தாரைக் கிடத்தியிருந்தேன். தந்திகளைக் கழற்றியாயிற்று. கையில் இரவல் வாங்கிய துளையிடும் இயந்திரம். கித்தார் நகராமல் பிடித்துக்கொண்டிருந்த தங்கை கேட்டாள்: "அண்ணா, இதுக்குக் கீழ இன்னும் எவ்வளவு மரம் இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

மாமா தேசிய சேவையின்போது கிடைத்த படித்தொகையைச் சேர்த்துவைத்து வாங்கிய கித்தார் அது. வடிவம் 'எஸ்ஜி'. கிப்சன் நிறுவனம் 1961ல் வெளியிட்ட, இரண்டு கொம்புகளும் மெல்லிய உடலும் கொண்ட அந்த வடிவத்தை 'ஏசி/டிசி' குழுவின் ஆங்கஸ் யங் கையில் நீங்கள் பார்த்திருக்கலாம். மாமாவுடையது அதே சாயலில் வேறொரு நிறுவனம் செய்த, விலை குறைந்த கித்தார். உடலின் தடிப்பு 32 மில்லிமீட்டர்தான். வேலை, குடும்பம் என்று ஆனபின் பல ஆண்டுகள் அலமாரிமேல் கிடந்த அதை, "நீயே வச்சுக்கோ, ஆனா வாசிக்கணும்" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்.

வாசிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, கழுத்துப் பக்கம் இருந்த பிக்கப் ஊமையாகிவிட்டது.

பாடநூலில் படித்தது, கையில் கிடைத்தது

மின்கித்தாரின் தந்திகளுக்குக் கீழே பதிக்கப்பட்டிருக்கும் செவ்வக வடிவப் பாகம்தான் பிக்கப். அதற்குள் இருப்பவை காந்தமும், அதைச் சூழ்ந்த செப்புக் கம்பிச்சுருளும். இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஃபாரடே 1831ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலேதான். தேர்வுக்காக மனப்பாடம் செய்த விதி, இத்தனை ஆண்டுகளாக மாமாவின் அலமாரிமேல் கிடந்திருக்கிறது!

சுருள் ஒன்று மட்டும் இருந்தால் சுற்றியுள்ள மின்சாரக் கம்பிகளின் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்ளும். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவதால் 'ம்ம்ம்' என்ற ஓசை கேட்கும். இதற்கு 1955ஆம் ஆண்டில் கிப்சனின் பொறியாளர் செத் லவர் ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, காந்த முனைகளையும் சுற்றின் திசையையும் எதிரெதிராக்கினார். தந்தியின் ஒலி இரண்டிலும் கூடுகிறது. இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இந்த வகைக்கு 'ஹம்பக்கர்' என்று பெயர். மாமாவின் கித்தாரில் இருந்தவையும் இவைதான்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். வேலை செய்யும் பிக்கப் ஏறக்குறைய 8,000 ஓம் காட்டியது. ஊமையானது எதையும் காட்டவில்லை. தலைமுடியைவிட மெல்லிய, ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் செப்புக் கம்பி உள்ளே எங்கோ அறுந்திருந்தது. புதிதாகச் சுற்றுவதைவிட மாற்றுவது மலிவு என்று முடிவெடுத்து, இணையத்தில் ஒருவரிடமிருந்து பயன்படுத்திய பிக்கப் இணை ஒன்றை வாங்கினேன். "எல்லாக் கித்தாருக்கும் பொருந்தும்" என்றார் அவர். நீளமும் அகலமும் உண்மையிலேயே பொருந்தின. ஆழத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கால்கள் இடித்தன

ஹம்பக்கரின் அடித்தகட்டில் இரு பக்கமும் கீழ்நோக்கி வளைந்த கால்கள் இருக்கும். மேலிருந்து வரும் திருகாணிகள் அந்தக் கால்களில் மாட்டிக்கொண்டு பிக்கப்பை ஏற்றி இறக்கும். நான் வாங்கியவற்றின் கால் நீளம் 12 மில்லிமீட்டர். திருகாணி முனை அதற்கும் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. கித்தாரின் குழி ஆழமோ 22 மில்லிமீட்டர். பிக்கப் உள்ளே இறங்காமல் தந்திகளையே தொட்டுக்கொண்டு நின்றது. பிக்கப் மிக அருகில் இருந்தாலே காந்தம் தந்தியை இழுத்து அதன் அதிர்வைக் கெடுத்துவிடும். தொட்டால் வாசிக்கவே முடியாது.

இன்னும் 8 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். துளையிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் தங்கையின் கேள்வி. உயர்நிலை மூன்றில் படிக்கும் அவள் எடுத்துவந்த வெர்னியர் அளவுகோலால் அளந்தோம். 32இலிருந்து 22 போனால் 10. அதில் 8 போனால் 2. என் கை சற்று அழுத்தியிருந்தால் துளை பின்பக்கம் வெளியே வந்திருக்கும்.

இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா கடைத்தொகுதிக்குப் போனேன். அங்கே கித்தார் பழுதுபார்க்கும் அங்கிள் ஒருவர் என் பிக்கப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நீண்ட கால், குட்டைக் கால் என இரண்டு வகை உண்டாம். குட்டைக் காலின் நீளம் ஏறக்குறைய பாதிதான். என் இணையை எடுத்துக்கொண்டு, மேலும் 40 வெள்ளிக்குக் குட்டைக் கால் இணை ஒன்றைக் கொடுத்தார். "மரத்தைத் தொடாதே, திருகாணியை வெட்டு" என்றார். வீட்டில் திருகாணி முனையை வெட்டி, அரத்தால் தேய்த்தேன். பிக்கப் தானாக இறங்கி அமர்ந்தது.

இரண்டாவது தவறு

சிம் லிம் டவரில் வாங்கிய சோல்டரிங் கருவியால் வயர்களை இணைத்தேன். பிக்கப்பைத் தனித்தனியே ஒலிக்கவிட்டபோது அருமை. இரண்டையும் சேர்த்தபோது பழைய கைப்பேசியில் கேட்பதுபோல் ஒலி மெலிந்துபோனது. ஒன்றின் சுருள் திசை மற்றதற்கு எதிராகிவிட்டதால் ஒலியே ஒலியை அழித்துக்கொண்டது. வயர்களின் நிறக் குறியீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நான் வேறொரு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்திருந்தேன். சோல்டரை உருக்கி, இரண்டு வயர்களை இடம் மாற்றினேன். பத்து நிமிட வேலை.

இரண்டுமே என் கவனக்குறைவுதான். ஆனால் ஒன்றைப் பத்து நிமிடத்தில் திருத்த முடிந்தது. மற்றொன்று நடந்திருந்தால் எத்தனை வெள்ளி கொடுத்தாலும் அந்த மரம் திரும்பி வந்திருக்காது. இப்போது எதைப் பிரித்தாலும், இதை மறுபடி பழையபடி ஆக்க முடியுமா என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்களும் முயலப்போகிறீர்களா? வாங்குவதற்கு முன்பே குழியின் ஆழம், கால் நீளம், உடலின் தடிப்பு மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வயர்களைக் கழற்றும் முன் படம் எடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை எறியாதீர்கள். என்னுடையவை ஒரு டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. சோல்டர் செய்யும்போது சன்னலைத் திறந்துவையுங்கள்.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். கித்தாரை வாங்கி, கழுத்துப் பக்க பிக்கப்பில் கொஞ்ச நேரம் வாசித்தார். விரல்கள் தடுமாறின, ஆனாலும் விடவில்லை. பிறகு அதைத் திருப்பி, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"எங்கயாவது ஓட்டை போட்டியா?"

தங்கை என்னைப் பார்த்தாள்.

"இல்ல மாமா," என்றேன்.