மிச்சம் பிடித்த காசு விடுமுறைக்குப் போய்ச் சேரட்டும்

மதுரையில் செல்லூர், வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம், ஊரைத் தாண்டினால் மேலூர், திருமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கதை ஒன்றாவது காதில் விழுகிறது. வருஷம் பூராவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்கோ குற்றாலத்துக்கோ கூட்டிப் போகவென்று ஒதுக்கிய பணம். புறப்பட வேண்டிய மாதத்தில் அது இல்லை. யாரும் திருடவில்லை, மிரட்டிப் பிடுங்கவும் இல்லை. வீட்டுக்காரர்களே எடுத்துக் கொடுத்ததுதான், பதிலுக்கு ஒரு தாள்கூட வாங்கிக்கொள்ளாமல்.

சிக்கனத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று நம் அண்ணா நகரில்தான் திறந்தார்கள். அங்கே தக்காளிக்கு இரண்டு ரூபாய் குறைகிறது என்றால் விடிவதற்குள் கிளம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டோவை விட்டுக் கட்டணமில்லா டவுன் பஸ், வாரத்துக்கு இரண்டு நாள் கறி ஒரு நாளாவது, பெரியவனின் சட்டை சின்னவனுக்கு வருவது என்று ரூபாய் ரூபாயாகச் சேருகிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய பிறகு அந்த ஆயிரம் ரூபாயை அப்படியே எடுத்து வைக்கிற வீடுகளும் உண்டு. சேர்ப்பதில் இத்தனை கவனம். சேர்த்ததை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் கவனம் இல்லை.

முதல் ஓட்டை தெருச் சீட்டு. ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு, தீபாவளிச் சீட்டு. மாதாமாதம் கட்டினால் வருஷக் கடைசியில் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் கூட்டிப் போகிறோம் என்று பிடிக்கிற சீட்டும் இப்போது சேர்ந்துவிட்டது. "ரசீது எதுக்குக்கா? நாம என்ன அந்நியமா?" என்று பிடிக்கிறவர் கேட்டால், கட்டுகிறவருக்குக் கூச்சமாகிவிடுகிறது. அந்தக் கூச்சத்தில்தான் பணம் போகிறது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1982-ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, அரசின் முன் அனுமதி இல்லாமல் சீட்டு தொடங்கக் கூடாது. ஒவ்வொரு சீட்டையும் பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளரிடம் பதிய வேண்டும். நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணையம் கட்டியிருக்க வேண்டும். கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. சீட்டு தொடங்கலாம் என்று பதிவாளர் தரும் சான்றிதழும், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகலும் உங்களுக்குக் காட்டப்பட வேண்டும். நகல் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். பதிவு பெற்ற சீட்டில் தகராறு வந்தால் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம், அந்தச் சட்டத்தின் 64-ம் பிரிவின் கீழ் சீட்டுப் பதிவாளரிடமே மனுப் போடலாம். நடத்துகிறவர் கட்டிய பிணையமும் அங்கேதான் இருக்கிறது.

பதிவு இல்லாத சீட்டில் இந்தப் பாதுகாப்பு எதுவுமே கிடையாது. தீபாவளிச் சீட்டு இன்னும் மோசம். ஏலம் இல்லை, பிணையம் இல்லை; பலகாரப் பெட்டியும் வெள்ளிக் காசும் தருவதாகச் சொல்லி ஊர்ப் பணத்தை ஒருவர் தம் கையில் வைத்துக்கொள்வது அது. இப்படிப் பொதுமக்களிடம் முறைப்படுத்தப்படாத வைப்பு வாங்குவதை 2019-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. வாங்கினாலே 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும் தெருமுனையில் பேனர் கட்டிச் சீட்டுப் பிடிக்கிறார்கள். அந்தப் பேனருக்குக் கீழேதான் அதிகாரிகளின் ஜீப்பும் போகிறது.

பெரிய பெயர், கண்ணாடி போட்ட அலுவலகம் என்று நம்பவும் வழியில்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு 2023-ல் வழக்குப் பதிந்தது. அதில் பணம் போட்டவர்கள் புகார் மனுவோடு கூட்டம் கூட்டமாக நின்றதை இந்த ஊர் பார்த்தது. அதைப் பார்த்த பிறகும் ரசீது கேட்கக் கூச்சப்படுகிறோம்.

பணம் போய்விட்டது என்றால் என்ன செய்கிறோம்? இங்கேதான் ஆளுக்கு ஆள் தப்புச் செய்கிறார்கள். முதலில் சீட்டுப் பிடித்தவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுகிறார்கள். அவர் ஒரு காசோலையைக் கொடுத்து அனுப்புகிறார். அதை பீரோவில் வைத்துவிட்டு, "அடுத்த மாசம் போடுங்கம்மா" என்ற பேச்சை நம்பிக் காத்திருக்கிறார்கள். காசோலைக்கு ஆயுள் அதில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம்தான். அதற்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பினால், வங்கி தரும் குறிப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். இந்த நாள் கணக்கில் ஒன்று தவறினாலும் அந்த வழக்கு பலம் இழக்கும். காசோலை வாங்கியவர்கள் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: 3 மாதம், 30 நாள், 15 நாள், ஒரு மாதம்.

அடுத்த தப்பு, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போவது. அந்த மனு காவல்துறைக்கு அனுப்பப்படும், அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வரும், ஸ்டேஷனில் கிடக்கும். அதற்குள் ஆசாமி வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டே போயிருப்பார். மனு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நேரடிக் கதவைத் தட்டுங்கள். பலர் ஏமாந்திருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவின் மதுரை அலுவலகம். ஓரிருவர் என்றால் மாநகரில் மத்திய குற்றப்பிரிவு, கிராமப் பகுதியில் மாவட்டக் குற்றப்பிரிவு. தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-லிருந்தே இருக்கிறது. அதன்படி மோசடிக்காரரின் சொத்தை அரசு முடக்கி, சிறப்பு நீதிமன்றம் மூலம் பணத்தைப் பிரித்துத் தர முடியும். அதற்கான நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள் என்று ஒரு முழுத் தாளில் வரிசையாக எழுதுங்கள். சீட்டு அட்டை, நோட்டீஸ், கூகுள் பேயில் அனுப்பிய பதிவுகளின் அச்சு, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப்பில் அவர் பேசியது, ஆதார் நகல் எல்லாம் இரண்டு பிரதி. மற்றவர்களையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள், ஆனால் ஆளுக்கு ஒரு புகார் தனித்தனியாகக் கொடுங்கள். கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். "இது சிவில் மேட்டரும்மா, பேசித் தீர்த்துக்கோங்க" என்று சொல்வார்கள். ஊரை ஏமாற்றி வைப்பு வாங்குவது சிவில் தகராறு அல்ல, குற்றம். பதிய மறுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ம் பிரிவுப்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாநகரில் ஆணையருக்குப் புகாரை அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். இதெல்லாம் ஸ்டேஷனில் இருப்பவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு பெண்ணை மூன்று தரம் அலையவிடுவதுதான் வேதனை.

விடுமுறைக்குச் சேர்க்க வேறு வழியா இல்லை? வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்குங்கள். மே மாதம் புறப்பட வேண்டுமென்றால் முந்தைய வருஷம் ஏப்ரலில் தொடங்கினால் கணக்குச் சரியாக முடியும். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஆனால் அது 5 ஆண்டுத் திட்டம். வருஷா வருஷம் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவராது. வங்கியில் வைத்த பணத்துக்கு ஒரு வங்கிக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் அது பொருந்தும், ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பொருந்தாது. சீட்டு தருகிற லாபம் இதில் வராது என்பார்கள். வராதுதான். பணம் வரும்.

இரண்டாவது ஓட்டை விடுமுறைக் குழும உறுப்பினர் அட்டை. இதில் பணத்தை விடுபவர்கள் கொஞ்சம் வசதியானவர்கள். பொருட்காட்சியிலோ மாலிலோ பெட்ரோல் பங்கிலோ ஒரு கூப்பனில் பெயரும் எண்ணும் எழுதிப் போடுகிறார்கள். இரண்டு வாரத்தில் போன்: "சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. மேடமையும் கூட்டிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டலுக்கு வந்து வாங்கிக்கோங்க." கணவன் மனைவி இருவரும் வர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருப்பார்கள், ஒருவர் மட்டும் வந்தால், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நழுவிவிடுவாரே. குளிர்ந்த அறையில் இரண்டு மூன்று மணி நேரம் படம் காட்டுவார்கள். ஒரே தரம் கட்டினால் பத்து வருஷம், இருபது வருஷம் குடும்பத்தோடு எங்கே வேண்டுமானாலும் தங்கலாம். இன்றைக்கே சேர்ந்தால் பாதி விலை. கையெழுத்துப் போட்டு, கடன் அட்டையைத் தேய்த்து வந்த பிறகுதான் தெரிகிறது: கேட்ட தேதியில் அறை இல்லை, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் தனி, சாப்பாடு தனி, அழைத்தால் போனை எடுப்பதில்லை. முறையாக நடக்கிற விடுமுறைக் குழுமங்களும் இருக்கின்றன. அவையும் ஆண்டுக் கட்டணம் வாங்குகின்றன, சீசனில் அறைக்கு வரிசை வைக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தரம் மூன்று நாள் ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு இந்த உறுப்பினர் அட்டை தேவையே இல்லை என்பது என் கருத்து.

கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? அன்று இரவே ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ரத்து செய்ய இத்தனை நாள் என்று பொடி எழுத்தில் இருக்கும். அது முடிவதற்குள் எழுத்தில் ரத்து செய்யுங்கள். போனில் சொன்னது செல்லாது, வந்து பார்த்துப் பேசுகிறோம் என்று அவர்கள் சொன்னதும் செல்லாது. மின்னஞ்சல் அனுப்புங்கள், கூடவே அஞ்சலிலும் ஒப்புகையோடு அனுப்புங்கள். 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், எனவே விரைவுத் தபாலில் ஒப்புகை கேட்டு வாங்குங்கள். மாதத் தவணையாக மாற்றியிருந்தால் கடன் கொடுத்த வங்கிக்கும் அதே கடிதத்தின் நகல் போக வேண்டும். கடிதம் எழுதாமல் தவணையை மட்டும் நிறுத்தினால் உங்கள் கடன் மதிப்பெண் கெடும், அவ்வளவுதான்.

பணம் திரும்பவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் "வழக்கு வேறு ஊரில்தான்" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. ஒப்பந்த நகல், பணம் கட்டிய சான்று, ரத்துக் கடிதம், ஒப்புகை, உறுதிமொழிப் பத்திரம் இவை போதும். ஆனால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று மூன்றாவது வருஷம் வந்து நிற்பவர்களுக்கு யாரும் உதவ முடியாது.

இணையத்தில் தேடி எடுத்த எண்ணுக்குக் காட்டேஜ் முன்பணம் அனுப்பி ஏமாந்தால், அந்த நிமிஷமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். மறுநாள் காலை என்று தள்ளினால் பணம் நாலு கணக்கு மாறியிருக்கும். கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம்; அது இலவசம், எடுத்துத் தர யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆரப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்த வேலையே இல்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று தெரிந்தவரின் சொந்த போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து மலை ஏறாதீர்கள். வெள்ளைப் பலகை வண்டியின் காப்பீட்டில் வாடகைப் பயன்பாடு சேராது. விபத்து நடந்தால் உங்கள் இழப்பீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் எதிர்த்து நிற்கும். மஞ்சள் பலகை வண்டிதானா என்று பாருங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு, தகுதிச் சான்று, பெர்மிட் எல்லாம் தெரியும். பத்துப் பேர் வண்டியில் பதினைந்து பேர் ஏறாதீர்கள். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் வண்டி திரும்பும்போது மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய் நினைவுக்கு வராது.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மதுரை மாவட்டத்தில் பதிவு பெற்ற சீட்டுகள் எவை என்ற பட்டியலை ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும், மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையங்களிலும் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். தீபாவளிச் சீட்டு தொடங்குகிற மாதத்திலேயே பேனரைப் பார்த்து விசாரியுங்கள், ஐப்பசியில் ஜனங்கள் அழுதுகொண்டு வரும்வரை காத்திருக்காதீர்கள். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், தனி நிதியும் வேண்டாம்.