கழுவி மீண்டும் எடுக்கும் வினையூக்கி: மதுரை ஆய்வு சொல்வது என்ன?

மறைமலை நகரில் வசிக்கும் நமக்குத் தொழிற்சாலைகள் புதிதல்ல. நம் செங்கல்பட்டு மாவட்டத்து ஆலத்தூரில் மருந்து உற்பத்திக்கென்றே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. நாம் விழுங்கும் மாத்திரைக்குப் பின்னால் எவ்வளவு கழிவு சேர்கிறது என்று யோசித்திருக்கிறோமா? ஒரு கிலோ மருந்துப் பொருளுக்கு 25 முதல் 100 கிலோவுக்கு மேலும் கழிவு உண்டாகலாம் என்று ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலாளர் 1992-ல் கணக்குக் காட்டினார்.

கழிவைக் குறைக்கும் வழிகளில் ஒன்று வினையூக்கி. அது வேதிவினையை விரைவுபடுத்தும், தான் செலவாகாது. ஆனால் பல வினையூக்கிகள் கரைசலோடு கலந்துவிடுவதால், பிரித்தெடுப்பது கடினமாகி, கடைசியில் அவையும் கழிவாகின்றன.

இதற்கு ஒரு தீர்வுதான் 'சூப்ராமாலிகுலர்' வினையூக்கி. மூலக்கூறுகள் நிரந்தரமாகப் பிணையாமல், மெல்லிய ஈர்ப்பால் ஒன்றையொன்று பற்றி, பிறகு விட்டுவிடும். இத்துறைக்கு வழி திறந்த பெடர்சன், கிராம், லேன் மூவருக்கும் 1987-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வீட்டு இட்லித் தட்டை நினைத்துப் பாருங்கள். குழியில் மாவு அமர்கிறது, இட்லியாகி வெளியே வருகிறது. தட்டைக் கழுவி மறுநாளும் வைக்கிறோம். பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் அப்படியொரு குழி. மாவுச்சத்திலிருந்து நொதியின் உதவியால் கிடைப்பது. ஏழு குளுக்கோஸ் அலகுகள் வளையமாகச் சேர்ந்த, அடி திறந்த கிண்ணம். வெளிப்புறம் நீரோடு இணங்கும். உட்புறம் எண்ணெய்த் தன்மையுள்ள மூலக்கூறுக்கு இடம் தரும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சுரேஷ், பிச்சுமணி ஆகியோர் இக்கிண்ணத்தின் குறுகிய விளிம்பில் ஏழு அமினோ தொகுதிகள் கொண்ட வடிவத்தை 'ஹென்றி வினை'யில் பயன்படுத்தினர். ஆய்வு 2008-ல் வெளியானது. வலக்கை, இடக்கை போல இரு வடிவங்களில் உருவாகக்கூடிய பொருளில் ஒரு வடிவமே மிகுதியாகக் கிடைத்தது. மருந்தில் இது முக்கியம். ஒரு 'கை' குணப்படுத்தும். மற்றது பயனற்றதாகவோ தீங்காகவோ இருக்கலாம். வேலை முடிந்ததும் கிண்ணத்தை மீட்டு மறுபடியும் பயன்படுத்த முடிந்தது.

ஆயினும் ஆய்வகக் குடுவை வேறு, ஆலைக் கலன் வேறு. குழிக்குப் பொருந்தாத மூலக்கூறுக்கு இது உதவாது. விளைந்த பொருளே குழியில் சிக்கிக்கொண்டால் அடுத்ததற்கு இடமில்லை. ஆகவே பற்ற வேண்டும், விட வேண்டும், திரும்பக் கிடைக்க வேண்டும். வடிவமைப்பவர் இம்மூன்றையும் ஒருசேரப் பார்க்க வேண்டும்.

ஒளு செய்யும் தண்ணீரிலும் வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அதே பாடம் ஆய்வகத்திலும் நடக்கிறது. "வேதியியல் படித்து என்ன பயன்?" என்று மகனோ மகளோ கேட்டால், இந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்வோம்.