அப்பா அம்மாவுக்கு பாரிஸா, காரைக்காலா? முடிவெடுக்கும் முன் கடிகாரத்தையும் கொஞ்சம் பாருங்க!

ஜனவரி மாதம், காரைக்கால் கடற்கரை, காலை 7 மணி. வாக்கிங் முடித்த அப்பா, பாரிஸில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு 'குட் மார்னிங்' தட்டிவிடுகிறார். அங்கே அப்போது ராத்திரி 2.30. மகன் எழுந்து அதைப் பார்க்கும்போது, இங்கே அப்பா மதியச் சாப்பாட்டுக்கு உட்காரப்போகிற நேரம்!

காரைக்காலுக்கு இது புதுசு இல்லை. 1962-ல் பிரெஞ்சு ஒப்பந்தம் முழுசாக அமலுக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள வாய்ப்பு கிடைத்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களும், பிறகு வேலைக்காக பாரிஸ் போனவர்களும் எனப் பல குடும்பங்களுக்கு இன்றும் ரெண்டு ஊர், ரெண்டு கடிகாரம். ரிட்டயர் ஆனதும் எங்கே செட்டில் ஆவது என்ற பேச்சு வந்தால் வீடு, பென்ஷன், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அலசுவோம். ஆனால், அங்கே வெளிச்சம் எத்தனை மணி நேரம், பிள்ளைகளிடம் பேச எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதை யாரும் பெரிசாகக் கேட்பதில்லை. தினசரி வாழ்க்கையே அதில்தான் இருக்கு!

ஒரே நாள், ரெண்டு அளவு

காரைக்கால் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. அதனால் டிசம்பரில் பகல் சுமார் 11½ மணி நேரம், ஜூனில் சுமார் 12¾ மணி நேரம். வருஷம் முழுக்க ஒண்ணேகால் மணி நேரம்தான் வித்தியாசம். நமக்கு அது தெரியவே தெரியாது.

பாரிஸ் இருப்பது சுமார் 49 டிகிரியில். டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்கவே காலை 8.45 ஆகிவிடும், மாலை 5 மணிக்குள் இருட்டிவிடும். பகல் சுமார் 8¼ மணி நேரம்தான். ஜூனில் தலைகீழ்: 16 மணி நேரத்துக்கும் மேல் பகல். ராத்திரி 10 மணி வரை வெளிச்சம் இருக்கும்.

காலையில் இவ்வளவு லேட்டாக விடிய இன்னொரு காரணமும் உண்டு. பாரிஸ் இருக்கும் இடத்துக்கு லண்டன் நேரம்தான் பொருத்தம். 1940-ல் ஜெர்மனி பிடித்தபோது பெர்லின் நேரத்துக்கு மாற்றப்பட்ட கடிகாரம், போர் முடிந்த பிறகும் அப்படியே தொடர்கிறது.

வயசானவங்களுக்கு இது ஏன் முக்கியம்?

காலை வெளிச்சம்தான் நம்ம உடம்புக் கடிகாரத்துக்குச் சாவி. வயசானால் தூக்கம் லேசாகும், விடியற்காலையிலேயே முழிப்பு வரும். காரைக்காலில் 5 மணிக்கு எழுந்தால் கொஞ்ச நேரத்தில் விடிந்துவிடும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். பாரிஸ் டிசம்பரில் 5 மணிக்கு எழுந்தால், இன்னும் மூணே முக்கால் மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருக்கணும். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, மொழி தெரியாத ஊரில் அந்தத் தனிமை ரொம்பக் கனமாக இருக்கும். குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது; வெளிச்சத்தை வைத்தே அதற்குச் சிகிச்சையும் தருகிறார்கள்.

அடுத்தது வைட்டமின் டி. பாரிஸின் குளிர்கால வெயிலில் அதைத் தயாரிக்கத் தேவையான கதிர்கள் போதுமான அளவு இருப்பதில்லை. நம்ம நிறத் தோலுக்கு வெயில் இன்னும் கூடுதலாக வேண்டும். வயதான தோல் அதைத் தயாரிப்பதும் குறைவு. அப்பா அம்மா அங்கே குளிர்காலம் கழிக்கப்போகிறார்கள் என்றால் டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

தொழுகை, நோன்பு உள்ள வீடுகளுக்கு இது இன்னும் நேரடியான விஷயம். ஜூன் மாதம் பாரிஸில் இஷா தொழுகை நள்ளிரவை நெருங்கும். கோடையில் ரமலான் வந்தால் நோன்பு 17 மணி நேரத்தைத் தாண்டும். காரைக்காலில் சுமார் 14 மணி நேரம்தான்.

எப்போ பேசுறது?

குளிர்காலத்தில் இந்தியா, பிரான்ஸைவிட 4½ மணி நேரம் முன்னே. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். வித்தியாசம் 3½ ஆகும். அக்டோபர் கடைசி ஞாயிறு மறுபடியும் 4½.

மகள் பாரிஸில் வேலை முடிந்து 6.30-க்கு வீட்டுக்கு வருகிறாள் என்றால், கோடையில் காரைக்காலில் இரவு 10 மணி. குளிர்காலத்தில் 11 மணி, அம்மா தூங்கியிருப்பாங்க. அதனால் குளிர்காலத்துக்கு மகளின் லஞ்ச் நேரம்தான் சரி. அங்கே மதியம் 12.30, இங்கே மாலை 5. அம்மா காபி டம்ளரோடு ஃப்ரீயாக இருக்கும் நேரம்!

டொரன்டோவில் பிள்ளைகள் இருந்தால் வித்தியாசம் கோடையில் 9½, குளிர்காலத்தில் 10½ மணி நேரம். சிங்கப்பூர் என்றால் 2½ மணி நேரம்தான். பகலும் வருஷம் முழுக்க சுமார் 12 மணி நேரம். பிரெஞ்சு மண்ணிலேயே வெளிச்சம் வேண்டும் என்றால் ரீயூனியன் தீவு இருக்கிறது. தமிழ் வம்சாவளியினர் காவடி எடுக்கும் அந்த ஊர் நமக்கு 1½ மணி நேரம்தான் பின்னே. பகலும் 11 முதல் 13½ மணி நேரத்துக்குள் இருக்கும்.

ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க?

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மூணு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, மாதம். பாரிஸ் இருட்டுக்குப் பயந்து நவம்பரில் காரைக்கால் வந்தால் வடகிழக்குப் பருவமழையில் மாட்டுவீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரைதான் சுகம். மே மாத வெயிலுக்கு முன் கிளம்பிவிடலாம். ஆனால் ஆனி மாத மாங்கனித் திருவிழாவை விட மனசு வராது, அதையும் கணக்கில் சேர்த்துக்கோங்க!

ரெண்டு, உடம்பு. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு சுமார் ஒரு நாள் என உடம்பு பழகும். பாரிஸிலிருந்து கிழக்கே திரும்பி வரும்போதுதான் சிரமம் அதிகம். இன்சுலின் போடுபவர்கள் பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் நேர அட்டவணை வாங்கிக்கொள்வது அவசியம்.

மூணு, பணம். உழைத்து வாங்கும் பென்ஷன் இந்தியாவில் இருந்தாலும் வரும். வருஷா வருஷம் லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுத்தால் போதும். ஆனால், வருமானம் குறைந்த முதியோருக்கு பிரான்ஸ் தரும் 'ஆஸ்பா' உதவித்தொகைக்கு வருஷத்தில் 9 மாதத்துக்கு மேல் அங்கேயே இருக்க வேண்டும் என்பது 2023 செப்டம்பர் முதல் விதி. அவர்களுக்கு 'ஆறு - ஆறு' கணக்கு ஒத்துவராது.

அதனால், நிரந்தர முடிவுக்கு முன் ஒரு ட்ரையல் பாருங்கள். பாரிஸ் என்றால் ஜூனில் அல்ல, டிசம்பரிலும் ஜனவரியிலும். காரைக்கால் என்றால் பொங்கல் லீவில் அல்ல, மே மாதத்திலும் நவம்பரிலும். அந்த மாதங்களிலும் அப்பா அம்மா நல்லா தூங்கி, வெளியே நடந்து, உங்களிடம் நிதானமாகப் பேச முடிகிறது என்றால், அந்த ஊரை தைரியமாகத் தேர்ந்தெடுக்கலாம்.