காய்ந்தால்தான் கார்ட்ரிட்ஜுக்குச் சாவு
வீட்டு இயந்திரங்களின் கதை – 9

பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே வீட்டுப் பிரின்டருக்கு வேலை வந்துவிடும். சயின்ஸ் புராஜெக்ட்டுக்குப் படம், சாதிச் சான்றிதழ் நகல், பாட்டியின் பென்ஷன் படிவம் என்று கொஞ்ச நாள் ஓடியதும் எழுத்து மங்கத் தொடங்கும். பச்சை இலையை அச்சிட்டால் மஞ்சளாக வரும். நீல மை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கடையில் விசாரித்தால் கறுப்பு, கலர் இரண்டும் சேர்ந்து சொல்லும் விலையில் இன்னும் கொஞ்சம் போட்டால் பிரின்டரே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

ஹெச்பி 802 வகையில் சின்னக் கறுப்புக் கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ 120 பக்கம் வரும் என்பது கம்பெனியே சொல்லும் கணக்கு. 1990-களில் ஓடிய ஹெச்பி 45 கார்ட்ரிட்ஜில் 42 மில்லி மை இருந்தது. இன்று வீட்டுக்கு வரும் சிறிய கார்ட்ரிட்ஜ்களில் நாலைந்து மில்லி இருந்தால் அதிகம். (அந்த 45 ஒன்றும் ஓய்வு பெற்றுவிடவில்லை. பாக்கெட்டுகளின் மேல் தேதியும் பேட்ச் எண்ணும் அச்சிடப் பல தொழிற்சாலைகளில் அந்த வகைதான் இன்னும் ஓடுகிறது.)

அந்த நாலு மில்லி தீர்ந்ததும் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். ஆனால் மை ஊற்றுவதற்கு முன் அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

1977-ல் ஜப்பானின் கேனன் ஆய்வுக்கூடத்தில் இச்சிரோ எண்டோ என்ற பொறியாளர் வேலை செய்துகொண்டிருந்தபோது, சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று சிரிஞ்ச் ஊசியில் தற்செயலாகப் பட்டது. உள்ளே இருந்த மை ஊசிமுனையிலிருந்து தெறித்தது. சூடு பட்டால் மைக்குள் குமிழி உண்டாகும், குமிழி துளியை வெளியே தள்ளும் என்ற விஷயம் அந்தத் தெறிப்பில் பிடிபட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஹெச்பி ஆட்களும் தனி வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1984-ல் ஹெச்பியின் திங்க்ஜெட் சந்தைக்கு வந்தது, அடுத்த ஆண்டு கேனனின் பிஜே-80.

இன்று வீட்டில் இருக்கும் ஹெச்பி டெஸ்க்ஜெட், கேனன் பிக்ஸ்மா கார்ட்ரிட்ஜ்களின் அடியில் மின்னும் சிறு தகடுதான் (இதைத்தான் ஹெட் என்கிறோம்) அந்த ஊசிமுனையின் வாரிசு. கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான துளைகள் அதில் உண்டு. ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு குட்டி ஹீட்டர். அது நுண்விநாடிகளுக்குள் மையின் மெல்லிய படலத்தை ஏறத்தாழ 300 டிகிரிக்குச் சூடாக்குகிறது, குமிழி வெடிக்கிறது, துளி தாளில் விழுகிறது. அந்த ஹீட்டரைக் குளிர வைப்பதும் அதே மைதான். மை வராத நேரத்தில் ஹீட்டர் வேலை செய்தால் அது தன்னைத் தானே எரித்துக்கொள்ளும்.

ரீஃபில் செய்ததால் கார்ட்ரிட்ஜ் கெட்டுப்போனது என்று சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவற்றின் காரணம் இங்கே இருக்கிறது. கறுப்பு வெளுக்கிறது என்று தெரிந்தும் இன்னும் நாலு பக்கம், இன்னும் ரெண்டு பக்கம் என்று ஓட்டுகிறார்கள். பிறகு காலி கார்ட்ரிட்ஜை டிராயரில் போட்டுவிட்டு, மூன்று வாரம் கழித்து இங்க் பாட்டில் வாங்கி வருகிறார்கள். அதற்குள் ஹெட் கருகியிருக்கும், அல்லது துளைகளில் மை காய்ந்து அடைத்திருக்கும். எழுத்தில் முதல் வெள்ளைக் கோடு தெரிந்த அன்றே மை ஏற்ற வேண்டும். முடியாவிட்டால் ஈரமான டிஷ்யூவில் ஹெட் படும்படி வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடியாவது வைக்க வேண்டும்.

வேலை சிரமமானதல்ல. மேசையில் பழைய நாளிதழ், அதன் மேல் நாலாக மடித்த டிஷ்யூ, மெடிக்கல் கடையில் கிடைக்கும் 5 மில்லி சிரிஞ்ச் (நிறத்துக்கு ஒன்று), கையுறை. கார்ட்ரிட்ஜின் மேல் லேபிளை ஒரு முனையிலிருந்து கிழியாமல் உரித்தால் சிறு துளைகள் தெரியும். உள்ளே இருப்பது ஸ்பான்ஜ். ஊசியை மெதுவாக அடிவரை இறக்கி, தட்டுப்பட்டதும் சற்றே மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால் ஸ்பான்ஜுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். அப்புறம் மை இருந்தும் பாதிப் பக்கத்தில் எழுத்து அறுந்துபோகும். சிறிய கறுப்புக் கார்ட்ரிட்ஜுக்கு நாலு மில்லி, கலரில் நிறத்துக்கு இரண்டு மில்லி போதும். துளையில் மை எட்டிப் பார்த்தால் நிறுத்திவிட்டு, கொஞ்சம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளலாம்.

அளவை இன்னும் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் தபால் எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு உதவும். புதுக் கார்ட்ரிட்ஜைப் பிரித்ததும் ஒரு தடவை எடை போட்டு அட்டையில் எழுதி வைத்துவிட்டால் போதும். ஒரு மில்லி மை ஏறத்தாழ ஒரு கிராம். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும், அதற்கு மேல் ஒரு சொட்டும் தேவையில்லை.

கலர் கார்ட்ரிட்ஜில் எந்தத் துளைக்குள் எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். யாரோ வரைந்த படத்தை நம்பி ஊற்றினால் மஞ்சள் அறைக்குள் நீலம் போய்விடும், திரும்ப எடுக்க வழியில்லை. ஒவ்வொரு துளைக்குள்ளும் தனித்தனி பல்குத்தும் குச்சியை விட்டு எடுத்தால் முனையிலேயே நிறம் தெரிந்துவிடும். ஏற்றி முடித்ததும் ஹெட்டை டிஷ்யூவில் பக்கவாட்டில் இழுத்துத் துடைக்கக் கூடாது. ஒரு நிறம் அடுத்த நிறத்தின் துளைக்குள் போய்விடும். நேராக வைத்து எடுக்க வேண்டும். நீலம், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று பட்டைகள் தெளிவாகப் பதிந்தால் வேலை சரி. பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து சேறாக வந்தால் மை அதிகமாகிவிட்டது. கொஞ்ச நேரம் டிஷ்யூவின் மேல் விட்டு வடிய வைக்க வேண்டும்.

அடுத்து வரும் தவறுதான் அதிகம் பேர் செய்வது. மை கொட்டிவிடுமோ என்ற பயத்தில் துளைகளின் மேல் செல்லோ டேப்பை இறுக்கி ஒட்டிவிடுகிறார்கள். மை இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பழைய லேபிளின் அடியில் வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய பள்ளங்கள் அந்தக் காற்றுப் பாதைதான். டேப் ஒட்டினால் முதல் பக்கம் அழகாக வரும், மூன்றாம் பக்கம் வெளுக்கும், மை சரியில்லை என்று பழி பாட்டில் மேல் விழும். உரித்த லேபிளையே திரும்ப ஒட்டுவது நல்லது. அது போய்விட்டால் டேப்பில் ஊசியால் ஒரு துளையாவது போட வேண்டும்.

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மையில் சாய மை, நிறமி மை என்று இரண்டு வகை. சாயம் தண்ணீரில் கரைந்திருப்பது, நிறமி பொடியாக மிதப்பது. பல ஹெச்பி, கேனன் மாடல்களில் கறுப்பு நிறமி வகை, கலர் சாய வகை. எல்லாப் பிரின்டருக்கும் ஆகும் என்று விற்கப்படும் மலிவான கறுப்பு பெரும்பாலும் சாயம்தான். பள்ளிப் பாடத்துக்கு அது போதும். பத்திரம், சான்றிதழ் நகல் என்றால் போதாது, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் எழுத்து கலங்கிவிடும். நிறமி மையைக் கலர் அறைக்குள் ஊற்றினால் ஹெட் அடைத்துக்கொள்ளும்.

கார்ட்ரிட்ஜை உள்ளே வைத்ததும், மை தீர்ந்துவிட்டது, இது பழைய கார்ட்ரிட்ஜ் என்று பிரின்டர் எச்சரிக்கும். இந்த வகைகளில் உள்ளே இருக்கும் மையை எதுவும் அளப்பதில்லை. எத்தனை துளி தெறித்தது என்று எண்ணிச் சொல்வதுதான் அந்தக் கணக்கு. ஹெச்பியின் பழைய மாடல்களில் ஓகே கொடுத்துவிட்டு மேலே போகலாம். கேனன் பிக்ஸ்மாவில் ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் எச்சரிக்கை நின்றுவிடும். எழுத்தில் கோடு விழுந்தால் ஹெட் கிளீனிங் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கலாம். வரிசையாக மூன்று நான்கு தடவை கொடுப்பது ஊற்றிய மையைக் கொட்டுவதற்குச் சமம். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2013-ல் சோதித்தபோது, அவ்வப்போது மட்டும் அச்சிடும் வீடுகளைப் போல ஓட்டிப் பார்த்ததில், பல பிரின்டர்களில் மையில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் தாளுக்கு வந்து சேர்ந்தது. மீதி சுத்தம் செய்யும் வேலையில் போய்விட்டது.

மை ஏற்றுவது எளிது. அதைக் கம்பெனிகள் அனுமதிப்பதுதான் கடினம். பிரின்டரை மலிவாகக் கொடுத்து மையில் லாபம் பார்ப்பது இந்தத் தொழிலின் அஸ்திவாரம். 2007-ல் கோடாக் அதைத் தலைகீழாகச் செய்து பார்த்தது. பிரின்டர் விலையைக் கூட்டி, மையை மலிவாக விற்றது. 2012-ல் திவால் நடவடிக்கைக்கு நடுவே அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்பியின் ஆஃபீஸ்ஜெட் பிரின்டர்கள் பல, அதுவரை ஒழுங்காக ஓடிய வேறு கம்பெனிக் கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் ஏற்க மறுத்தன. முன்பே வந்த மென்பொருளுக்குள் அந்தத் தேதி பதுங்கியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், சரியாகத் தெரிவிக்காமல் விட்டதற்கு ஹெச்பி வருத்தம் தெரிவித்து, அந்தத் தடையை நீக்கும் மென்பொருளையும் வெளியிட்டது. ஆனால் அந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. இத்தகைய கட்டுப்பாடுகளுக்காக 2020-ல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருள் வீட்டுக்கு வந்த பிறகு அதன் குணத்தை விற்றவர் மாற்றுவது அநியாயம். அதை எவ்வளவு மென்மையான வார்த்தையில் சொன்னாலும் அநியாயம்தான்.

இந்தத் தகராறில் நுகர்வோர் பக்கம் நின்ற பெரிய தீர்ப்பு லேசர் டோனர் விஷயத்தில் வந்தது. காலி கார்ட்ரிட்ஜ்களை வாங்கி நிரப்பி விற்ற இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சிறு கம்பெனி மீது பிரின்டர் கம்பெனியான லெக்ஸ்மார்க் காப்புரிமை வழக்குப் போட்டது. 2017 மே 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொருளை விற்றதோடு அதன் மீதான காப்புரிமையின் பிடி தீர்ந்துவிடுகிறது என்றது. பழைய கார்களைச் சரிசெய்து விற்கும் பட்டறையை எடுத்துக்காட்டாகச் சொன்னது அந்தத் தீர்ப்பு. காருக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் உரிமைக்காரரும் விற்ற பிறகும் உரிமை கொண்டாடினால் பட்டறை எப்படி நடக்கும்?

நம் ஊரில் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. எப்சன் டி60 போன்ற பிரின்டர்களின் பக்கவாட்டில் நிறத்துக்கு ஒரு பாட்டிலாக ஒட்டி, டியூப் வழியே மை ஏற்றும் ஏற்பாட்டை ஸ்டூடியோக்காரர்களும் பிரின்டிங் கடைக்காரர்களும் பரவலாகச் செய்துகொண்டார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாட்டில், டியூப், சிப் எல்லாம் தனித்தனியாகவே கிடைத்தன. இந்தோனேசியாவிலும் இதே கதைதான். தடுத்து ஆகாது என்று கண்ட எப்சன், 2010-ல் அங்கே எல்100, எல்200 என்று தொட்டி வைத்த பிரின்டர்களைத் தானே இறக்கியது. பிறகு இந்தியாவுக்கும் வந்தன. 70 மில்லி கறுப்பு பாட்டிலுக்கு 4,000 பக்கம் என்றது எப்சன். கேனனும் ஹெச்பியும் பின்னால் வந்தன. வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் சிரிஞ்சைக் கையில் எடுத்திருக்காவிட்டால் இந்தத் தொட்டிப் பிரின்டர்கள் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

அதனால் இன்று புதிதாக வாங்குகிறவர்கள், அடிக்கடி கலரில் அச்சிடுவதாக இருந்தால், தொட்டிப் பிரின்டரே வாங்கிவிடலாம். மாதத்துக்கு நாலு தாள் கறுப்பில் எடுப்பவர்களுக்கு லேசர் நல்லது, டோனர் காய்வதில்லை. சிரிஞ்ச் வேலை, ஏற்கெனவே கார்ட்ரிட்ஜ் பிரின்டர் வைத்திருப்பவர்களுக்கு. ஒரு கார்ட்ரிட்ஜை ஐந்தாறு தடவைக்கு மேல் நிரப்ப முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஹீட்டர்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, எத்தனை சுத்தம் செய்தாலும் அதே இடத்தில் வெள்ளைக் கோடு விழத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. அப்போதும் அதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நம் நாட்டின் மின்கழிவு விதிகளில் பிரின்டரோடு கார்ட்ரிட்ஜும் பட்டியலில் இருக்கிறது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)